நார்மலா, பிரீமியமா, 100 ஆக்டேனா? உங்கள் செடான் காருக்கு சரியான பெட்ரோல் எது? முழு விளக்கம்

பெட்ரோல் பங்க்கில் காரை நிறுத்தியதும் வரும் முதல் கேள்வி இதுதான்: "சார், நார்மலா, பிரீமியமா?" பின்னால் நிற்கும் வண்டி ஹாரன் அடிக்கும் அவசரத்தில், பலரும் யோசிக்காமல் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். "விலை கூடன்னா இன்ஜினுக்கு நல்லதுதானே" என்று பிரீமியம் போடுபவர்கள் உண்டு. "எல்லாம் ஒரே பெட்ரோல்தான், பேரு மட்டும் வேற" என்று நார்மலோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு.

இதற்கு நடுவில் இ20 பெட்ரோல் வந்த பிறகு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. "எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டா பழைய கார் இன்ஜின் போயிடுமா? மைலேஜ் விழுந்துடுமா? 100 ஆக்டேன் போட்டா தப்பிச்சிடலாமா?" என்பதுதான் அந்தக் கேள்வி.

வீட்டுக்கு ஒரு செடான் வைத்திருக்கும் குடும்பத்துக்கு பெட்ரோல் என்பது மாதாமாதம் வரும் பெரிய செலவு. தவறாகத் தேர்ந்தெடுத்தால் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் பணம் வீணாகும். கவனிக்காமல் விட்டால் பழைய காரில் பெட்ரோல் கசியும் ஆபத்தும் உண்டு. எந்த காருக்கு எந்த பெட்ரோல் என்பதை எளிமையாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

* எந்த பெட்ரோல் என்பதை முடிவு செய்வது விலையோ விளம்பரமோ அல்ல. காரின் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும், ஓனர்ஸ் மேனுவலும்தான்.
* டர்போ இல்லாத சாதாரண செடானுக்கு நார்மல் பெட்ரோலே போதும்.
* பிரீமியம் போட்டால் மைலேஜ் எகிறும் என்பது பெரும்பாலான குடும்ப கார்களுக்குப் பொருந்தாது.
* இன்றைக்கு ஆக்டேனைவிட முக்கியமான கேள்வி, "என் கார் எந்த வருஷம் தயாரானது, அது இ20-க்கு ஏற்றதா?" என்பதுதான்.

பங்க்கில் என்னென்ன பெட்ரோல் இருக்கு?

பொதுவாக மூன்று வகை. முதலாவது, எல்லோரும் போடும் நார்மல் பெட்ரோல்.

இரண்டாவது, 95 ஆக்டேன் வரிசையில் வரும் பிரீமியம் பெட்ரோல். இந்தியன் ஆயிலில் எக்ஸ்பி95, ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தில் பவர், பாரத் பெட்ரோலியத்தில் ஸ்பீடு என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர் இருக்கும். ஷெல் பங்க்கில் வி-பவர் என்பார்கள். நார்மலைவிட லிட்டருக்கு சில ரூபாய் கூடுதலாக இருக்கும்.

மூன்றாவது, 100 ஆக்டேன் பெட்ரோல். இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100 என்ற பெயரில் இதை அறிமுகப்படுத்தியது. அப்போதே டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். இது எல்லா பங்க்கிலும் கிடைக்காது. பெரிய நகரங்களில் குறிப்பிட்ட சில பங்க்குகளில் மட்டுமே இருக்கும். விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களையும் பெரிய பைக்குகளையும் மனதில் வைத்து விற்கப்படுவது இது.

ஆக்டேன் என்றால் என்ன?

பலரும் ஆக்டேன் என்றால் பெட்ரோலின் 'பவர்' என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. அதிக ஆக்டேன் இருந்தால் அந்த பெட்ரோலில் அதிக சக்தி இருக்கிறது என்று அர்த்தமில்லை.

பெட்ரோல் இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் அழுத்துகிறது. அழுத்தும்போது கலவை சூடாகும். சரியான நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறி கொடுத்ததும் அது எரிய வேண்டும். அந்தப் பொறியிலிருந்து எரிதல் சீராகப் பரவுவதற்குள், மீதிக் கலவை சூடு தாங்காமல் தானாகவே வெடித்துவிட்டால் என்ன ஆகும்? இன்ஜினில் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் வரும். இதைத்தான் மெக்கானிக்குகள் "இன்ஜின் நாக் அடிக்குது" என்பார்கள்.

மேட்டில் ஏறும்போது, ஏசி போட்டு ஐந்து பேர் ஏறியிருக்கும்போது, கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது இந்தச் சத்தம் கேட்க வாய்ப்பு அதிகம். இது தொடர்ந்தால் பிஸ்டன் உட்பட இன்ஜின் பாகங்கள் பாதிக்கப்படும்.

இப்படி முன்கூட்டியே வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைக் காட்டும் எண்தான் ஆக்டேன். எண் கூடக் கூட, அதிக அழுத்தத்தைத் தாங்கும். ஆக, ஆக்டேன் என்பது பொறுமைக்கான மார்க், வலிமைக்கான மார்க் அல்ல. அவ்வளவுதான் விஷயம்.

அமெரிக்காவில் 87, இந்தியாவில் 95... ஏன் இந்த வித்தியாசம்?

யூடியூப் வீடியோ பார்த்து குழம்புபவர்களுக்காக ஒரு விளக்கம். அமெரிக்க பங்க்குகளில் சாதாரண பெட்ரோல் '87' என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து, அங்கே மட்டமான பெட்ரோல் விற்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆக்டேனை அளக்க இரண்டு முறைகள் உண்டு. இந்தியா, ஐரோப்பா உட்படப் பல நாடுகளில் 'ரிசர்ச் ஆக்டேன்' என்ற எண்ணைத்தான் குறிப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் ரிசர்ச் ஆக்டேனையும் 'மோட்டார் ஆக்டேன்' என்ற இன்னொரு எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்துப் போடுகிறார்கள். அதனால் அங்குள்ள 87 என்பது நம்ம ஊர் கணக்கில் ஏறக்குறைய 91-க்குச் சமம்.

உங்கள் காரின் மூடிக்குள் '91' அல்லது '95' என்று இருந்தால் அது ரிசர்ச் ஆக்டேன் எண். வெளிநாட்டு வீடியோவில் சொல்லும் எண்ணோடு அதை நேரடியாக ஒப்பிடக்கூடாது.

நார்மல் பெட்ரோலின் ஆக்டேன் எவ்வளவு?

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. முன்பு பிஎஸ்-2 காலத்தில் நார்மல் பெட்ரோலின் ஆக்டேன் 88 ஆக இருந்தது. பின்னர் அது 91 ஆனது. 20 சதவீத எத்தனால் கலந்த பிறகு நார்மல் பெட்ரோலே 95 ஆக்டேன் அளவுக்கு வந்துவிட்டது என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. காரணம், எத்தனாலின் ஆக்டேன் எண் இயல்பாகவே 108-க்கு மேல்.

அப்போ '95 ஆக்டேன்' என்று கூடுதல் விலைக்கு விற்கும் பிரீமியத்தில் என்ன வித்தியாசம்? இன்ஜெக்டர், வால்வு போன்ற இடங்களில் படியும் கரியைக் குறைக்க அதில் சேர்க்கும் கிளீனிங் ஆடிட்டிவ்கள்தான் முக்கிய வித்தியாசம். அது பயனில்லாதது என்று சொல்ல முடியாது. ஆனால் 95 என்ற எண்ணுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பதாக இருந்தால், அந்தக் காரணம் இப்போது பலவீனமாகிவிட்டது.

எந்த செடானுக்கு எது?

டர்போ இல்லாத 1.2 லிட்டர், 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் செடான்கள்: டிசையர், அமேஸ், ஆரா, டிகோர், சிட்டி, சியாஸ் போன்ற குடும்ப கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். இவற்றுக்கு நார்மல் பெட்ரோல் போதும். 100 ஆக்டேன் போட்டாலும், அதைப் பயன்படுத்திக்கொள்ளும் அளவுக்கு இன்ஜினில் அழுத்தம் இல்லை. காசுதான் கரையும்.

டர்போ செடான்கள்: வெர்னா டர்போ, விர்டஸ், ஸ்லாவியா போன்றவற்றில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இன்ஜினுக்குள் அழுத்தமும் சூடும் அதிகம். இவற்றுக்கு மூடியில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். '95' என்று இருந்தால் 95-க்குக் குறையக் கூடாது. 'குறைந்தது 91' என்று இருந்தால் நார்மலே போதும். முழு லோடு, மலைப்பாதை, நீண்ட ஹைவே பயணம் என்று போகும்போது பிரீமியம் போட்டால் ஓட்டம் கொஞ்சம் சீராக இருக்கலாம்.

சொகுசு செடான்கள்: ஜெர்மன் நிறுவனங்களின் விலை உயர்ந்த கார்களில் மேனுவல் சொல்வதை அப்படியே பின்பற்றுவதுதான் பாதுகாப்பு. அங்கே நூறு இருநூறு மிச்சம் பார்த்தால், பின்னால் ரிப்பேர் பில் கையைக் கடிக்கும்.

'கட்டாயம்' என்று எழுதியிருப்பதற்கும் 'பரிந்துரை' என்று எழுதியிருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கட்டாயம் என்றால் அதற்குக் குறைந்த ஆக்டேனைப் போடவே கூடாது. பரிந்துரை என்றால் போட்டால் நல்லது, போடாவிட்டாலும் இன்ஜின் சமாளிக்கும். இப்போதைய கார்களில் நாக் சென்சார் இருப்பதால், ஆக்டேன் குறைந்தால் ஸ்பார்க் நேரத்தைத் தானாகவே மாற்றிக்கொள்ளும். பிக்கப் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பிரீமியம் போட்டால் மைலேஜ் கூடுமா? கணக்கு சொல்வது என்ன?

ஒரு குடும்ப செடான் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க நார்மல் பெட்ரோல் 100 ரூபாய், பிரீமியம் 107 ரூபாய், 100 ஆக்டேன் 160 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம்.

* மாதம் தேவைப்படும் பெட்ரோல்: சுமார் 67 லிட்டர்
* நார்மல் போட்டால் செலவு: சுமார் 6,670 ரூபாய்
* பிரீமியம் போட்டால்: மாதம் சுமார் 470 ரூபாய் கூடுதல், வருடத்துக்கு சுமார் 5,600 ரூபாய்
* 100 ஆக்டேன் போட்டால்: மாதம் சுமார் 4,000 ரூபாய் கூடுதல்

இந்தக் கூடுதல் காசை மைலேஜில் திரும்ப எடுக்க வேண்டும் என்றால், பிரீமியம் போடும்போது மைலேஜ் 15-லிருந்து 16-க்கு மேல் போக வேண்டும். 100 ஆக்டேன் போடும்போது 24 கிலோமீட்டர் தர வேண்டும். முதலாவதே கஷ்டம். இரண்டாவது நடக்கவே நடக்காது.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. அமெரிக்காவின் பெரிய வாகன ஓட்டிகள் அமைப்பான ஏஏஏ, 2016-ல் இதை சோதித்துப் பார்த்தது. நார்மல் பெட்ரோல் போதும் என்று தயாரிப்பாளரே சொன்ன வண்டிகளில் பிரீமியம் போட்டு ஓட்டியபோது, மைலேஜிலோ பவரிலோ புகையிலோ குறிப்பிடும்படியான பலன் எதுவும் இல்லை. தேவையில்லாமல் பிரீமியம் போட்டு அமெரிக்கர்கள் ஒரே வருடத்தில் 210 கோடி டாலரை வீணாக்கியதாகவும் அந்த அமைப்பு கணக்கிட்டது.

அடுத்த வருடம், பிரீமியம் 'பரிந்துரைக்கப்பட்ட' வண்டிகளில் அதே அமைப்பு சோதித்தபோது மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதம் மட்டுமே கூடியது. 7 சதவீதம் கூடுதல் விலை கொடுத்து 2.7 சதவீதம் திரும்ப எடுப்பது லாபமா என்பதை ஒவ்வொருவரும் முடிவு செய்துகொள்ளலாம்.

இ20 பெட்ரோல்: இதுதான் உண்மையான கேள்வி

இ20 என்றால் 80 சதவீதம் பெட்ரோல், 20 சதவீதம் எத்தனால். கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி போன்றவற்றிலிருந்து எத்தனால் தயாராகிறது. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பதும், விவசாயிகளுக்கு வருமானம் தருவதும்தான் நோக்கம் என்கிறது மத்திய அரசு.

2022 ஜூனில் நாடு முழுக்க 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரி 6-ம் தேதி பெங்களூருவில் பிரதமர் மோடி இ20 பெட்ரோலைத் தொடங்கி வைத்தார். முதலில் 11 மாநிலங்கள் மற்றும் யூனியன் பிரதேசங்களில் 84 பங்க்குகளில் மட்டும் கிடைத்தது. 2025-ல் அதுவே நாடு முழுக்க நார்மல் பெட்ரோலாக மாறிவிட்டது.

எத்தனால் இல்லாத பெட்ரோலையும் வாங்கும் வாய்ப்பு வேண்டும் என்று கேட்டுத் தொடரப்பட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ம் தேதி தள்ளுபடி செய்தது. எனவே பங்க்கில் "எத்தனால் இல்லாத நார்மல் கொடுங்க" என்று கேட்டு வாங்க முடியாத நிலைதான். பிரீமியம் என்று பெயர் இருப்பதாலேயே அதில் எத்தனால் இல்லை என்றும் நினைக்க வேண்டாம்.

உங்கள் கார் எந்த வருடம்?

ஆர்சி புத்தகத்தில் அல்லது ஆர்சி கார்டில் கார் தயாரான மாதமும் வருடமும் இருக்கும். வாங்கிய தேதியைப் பார்க்க வேண்டாம், தயாரான தேதிதான் முக்கியம்.

2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்: கவலை வேண்டாம். பிஎஸ்-6 இரண்டாம் கட்ட விதிகள் வந்த நேரத்தில், பெட்ரோல் கார்களின் பாகங்களும் இ20-க்கு ஏற்றபடி மாற்றப்பட்டன. மூடியில் 'இ20' என்று ஸ்டிக்கர் இருக்கும்.

2008-லிருந்து 2023 வரை தயாரான கார்: 2008-க்குப் பிறகு தயாரான வாகனங்களின் பாகங்கள் 10 சதவீத எத்தனாலைத் தாங்கும் என்கிறது நிதி ஆயோக் அறிக்கை. 20 சதவீதத்தைத் தாங்குமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். உதாரணத்துக்கு, ஹோண்டா கார்ஸ் இந்தியா, 2009 ஜனவரி 1-க்குப் பிறகு தயாரான தன் கார்களின் பாகங்கள் இ20-க்கு ஏற்றவை என்று அறிவித்தது. மற்ற நிறுவனக் கார்கள் என்றால், சேசிஸ் எண்ணைச் சொல்லி கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். வாட்ஸ்அப்பிலோ இமெயிலிலோ எழுத்தில் பதில் வாங்கி வைப்பது நல்லது. வாரண்டி பிரச்சினை வந்தால் அதுதான் கை கொடுக்கும்.

2008-க்கு முந்தைய கார்: இதில்தான் அதிக கவனம் தேவை. ரப்பர் ஹோஸ், ஓ-ரிங், கேஸ்கெட் எல்லாம் எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. போதாக்குறைக்கு வயதும் ஆகிவிட்டது.

மைலேஜ் எவ்வளவு குறையும்?

குறையும் என்பது உண்மை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் 20 சதவீதம் கலக்கும்போது, சுத்தமான பெட்ரோலோடு ஒப்பிட்டால் மொத்த சக்தி 7 சதவீதம் அளவுக்குக் குறைகிறது. ஏற்கனவே போட்டுக்கொண்டிருந்த 10 சதவீதக் கலப்போடு ஒப்பிட்டால் குறைவு 4 சதவீதத்துக்கும் கீழ்தான்.

நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையும் இதை ஒட்டியே இருக்கிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, இ10-க்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்றது. இ10-க்கு வடிவமைத்து, இ20-க்கு டியூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம் மட்டுமே குறையும் என்றது.

அப்படியானால் "மைலேஜ் பாதியாப் போச்சு" என்று சொல்பவர்கள்? எத்தனால் மட்டுமே அந்த அளவு இழப்பைக் கொடுக்க முடியாது. டயரில் காற்று குறைவு, அடைத்த ஏர் ஃபில்டர், பழைய ஸ்பார்க் பிளக், இழுத்துப் பிடிக்கும் பிரேக், டிராஃபிக் என்று வேறு காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். எத்தனாலைத் திட்டிக்கொண்டே நிஜமான கோளாறைக் கவனிக்காமல் விட்டுவிடக்கூடாது.

மைலேஜைச் சரியாகப் பார்க்க ஒரே வழி: ஆட்டோ கட் ஆகும் வரை டேங்க்கை நிரப்புங்கள், கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை அதே பங்க்கில் அதேபோல நிரப்புங்கள். ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். மூன்று முறையாவது பார்த்து சராசரி எடுங்கள். டேஷ்போர்டில் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

பழைய காருக்கு 100 ஆக்டேன் போட்டால் தப்பிக்கலாமா?

எத்தனால் கலக்காத பெட்ரோல் வேண்டும் என்று எக்ஸ்பி100-ஐத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனாலைத் தவிர்க்கும் வழிதான் அது. ஆனால் செலவைப் பாருங்கள்.

இ20-ல் 14 கிலோமீட்டர் தரும் பழைய செடான், எத்தனால் இல்லாத பெட்ரோலில் 15 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டருக்கு மிச்சமாவது சுமார் 5 லிட்டர். ஆனால் லிட்டர் 160 ரூபாய் என்பதால் மாதச் செலவு சுமார் 7,140-லிருந்து 10,670 ரூபாய்க்குப் போகும். வருடத்துக்கு 42,000 ரூபாய்க்கு மேல் கூடுதல்.

அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியிலேயே பெட்ரோல் ஹோஸ், ஓ-ரிங், ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். பழைய வாகனங்களில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு மாற்ற வேண்டி வரலாம், அது பெரிய செலவு இல்லை என்றுதான் பெட்ரோலிய அமைச்சகமும் சொல்லியிருக்கிறது. எப்போதாவது எடுக்கும் விண்டேஜ் கார் என்றால் 100 ஆக்டேன் கணக்கு வேறு. தினமும் ஆபீஸ், ஸ்கூல் என்று ஓடும் காருக்கு அது கட்டுப்படியாகாது.

பழைய கார் வைத்திருப்பவர்கள் என்ன செய்யணும்?

* அடுத்த சர்வீஸில் டேங்க்கிலிருந்து இன்ஜின் வரை போகும் பெட்ரோல் லைன் முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பு, உப்பல், ஒட்டும் தன்மை தெரிந்தால் உடனே மாற்றுங்கள். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.
* எத்தனால், டேங்க்கில் வருடக்கணக்கில் படிந்திருக்கும் அழுக்கைக் கிளறிவிடும். அதனால் பெட்ரோல் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கலாம். அதை மாற்றுவது குறைந்த செலவில் முடியும்.
* காருக்குள்ளோ, பார்க்கிங்கிலோ பெட்ரோல் வாடை அடித்தால் அலட்சியம் கூடாது. ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.
* காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால், ஓடும்போது திக்கினால், இன்ஜின் லைட் எரிந்தால் உடனே காட்டுங்கள்.
* எத்தனால் ஈரத்தை இழுக்கும். வெளியூர் போவதால் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் காரில், டேங்க் காலியாக இல்லாமல் ஓரளவு நிறைந்திருப்பது நல்லது. வீட்டில் யாராவது இருந்தால் அவ்வப்போது எடுத்து ஓட்டச் சொல்லுங்கள்.

இ20 போட்டால் இன்சூரன்ஸ் செல்லாது என்று பரவிய தகவல் ஆதாரமற்றது என்று மத்திய அரசு மறுத்துள்ளது.

ஆடிட்டிவ் பாட்டில் வாங்கலாமா?

"சார், இதை ஊத்துனா மைலேஜ் கூடும்" என்று பங்க்கில் சின்ன பாட்டிலை நீட்டுவார்கள். கார் சரியாக ஓடிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் அது தேவையில்லை. எந்த பாட்டிலும் பெட்ரோலில் இருக்கும் எத்தனாலை எடுத்துவிடாது. பழுதான ரப்பரையும் சரிசெய்யாது. கார் கம்பெனி மேனுவலில் பரிந்துரைத்திருந்தால் மட்டும், சொன்ன அளவில் ஊற்றலாம்.

பங்க்கில் இதையெல்லாம் கவனிங்க!

எந்த பெட்ரோல் என்று சரியாகத் தேர்ந்தெடுத்தாலும், அது கலப்படமாகவோ அளவு குறைவாகவோ இருந்தால் பயனில்லை.

* மீட்டர் பூஜ்ஜியத்தில் இருக்கிறதா, நீங்கள் கேட்ட வகைதான் வருகிறதா என்று இறங்கி நின்று பாருங்கள். கேட்காமலே பிரீமியம் போட்டுவிட்டு பில் நீட்டும் சம்பவங்கள் நடக்கின்றன.
* கலப்படம் என்று சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் கேட்கலாம். நாசிலைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால், சுமார் இரண்டு நிமிடத்தில் கறை இல்லாமல் ஆவியாக வேண்டும். கறை நின்றால் சந்தேகப்படலாம்.
* அளவில் சந்தேகம் இருந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. இந்த இரண்டு சோதனைக்கும் காசு கிடையாது, அது வாடிக்கையாளரின் உரிமை.
* பெருமழை, வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீர் தேங்கிய பங்க்கைக் கொஞ்ச நாள் தவிர்ப்பது நல்லது. நிலத்தடித் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தால், எத்தனால் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். அது காருக்குள் போனால் வழியிலேயே நின்றுவிடும்.
* ஆட்டோ கட் ஆன பிறகு "ரவுண்டா போட்டுடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் பாகத்துக்குள் பெட்ரோல் போய் கெட்டுவிடும்.
* ஒரே மாடல் செடான் டீசலிலும் பெட்ரோலிலும் வந்திருப்பதால் மாற்றிப் போட்டுவிடும் வாய்ப்பு உண்டு. அப்படி நடந்தால் சாவியைப் போடவே வேண்டாம். தள்ளி ஓரமாக நிறுத்தி, டேங்க்கைக் காலி செய்து சுத்தம் செய்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

புகார் என்றால் பங்க்கில் உள்ள புகார் புத்தகத்தில் எழுதலாம். எண்ணெய் நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். அளவு குறைவு என்றால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் முறையிடலாம். பில் கையில் இருப்பது அவசியம்.

கடைசியாக, முடிவெடுக்க நான்கே படிகள்

1. மூடியைத் திறந்து ஆக்டேன் எண்ணையும் 'இ20' ஸ்டிக்கரையும் பாருங்கள். ஸ்டிக்கர் இல்லையென்றால் மேனுவலைப் பாருங்கள்.
2. '91' என்று இருந்தால் நார்மல் போதும். '95 கட்டாயம்' என்று இருந்தால் மட்டும் அதற்குக் குறையாமல் போடுங்கள்.
3. 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார் என்றால் இ20-க்கு ஏற்றதா என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேளுங்கள்.
4. ஏற்றதில்லை என்று பதில் வந்தால், விலை உயர்ந்த பெட்ரோலைத் தேடி அலைவதற்கு முன் பெட்ரோல் லைனையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

பிரீமியத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசை, நேரத்துக்கு ஆயில் மாற்றுவதிலும் டயரில் சரியான காற்று வைப்பதிலும் செலவிட்டால் குடும்ப காருக்கு அதைவிடப் பெரிய பலன் கிடைக்கும்.